தாண்டுனா ஒதுங்கணும்

ஆமாண்ணே, நின்னோம். உங்க வாசல்ல தான் நின்னோம். இல்லைன்னு எவ சொன்னா? நேத்தும் நின்னோம், முந்தாநாளும் நின்னோம். உங்க கோலத்த மிதிச்சோமா? ஆட்டோவத் தொட்டோமா? கதவத் தட்டுனோமா? "ஏ பாண்டிமீனா, நேரமாச்சு"ன்னு ஒருக்கா குரல் குடுத்தோம். அம்புட்டுதான். அதுக்கப்பறம் ஒருத்தி வாயத் தொறக்கல. பேசாம நிக்கிறது குத்தம்னா இந்த ரோட்டு விலக்குல பஸ்ஸுக்கு நிக்கிற அம்புட்டுப் பேரையும் புடிச்சு உள்ள போடச் சொல்லுங்க.

ரவுடித்தனமா? நாங்களா? பூமிண்ணே, நான் பாட்டுக்குக் காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கிறேன். ஆட்டோவக் கொண்டாந்து என் காலுகிட்ட நிறுத்தி, "ஏய் வினோதா, இங்கிட்டு வாடி"ன்னு கத்துனது யாரு? இந்தா, பூக்காரக்கா பாத்துக்கிட்டுத் தான இருக்கு. டீக்கடையில அம்புட்டுப் பேரும் கிளாஸக் கையில வச்சுக்கிட்டு குடிக்காம நிக்கிறாய்ங்க. நல்லாப் பாக்கட்டும். எனக்கென்ன வெக்கம்? நீங்க கத்துனா நானும் கத்துவேன். எனக்கும் தொண்டை இருக்கு.

என்னது? இன்னொருக்கா சொல்லுங்க. "என் தங்கச்சி வாழ்க்கைய நாசம் பண்ணிட்டு நீ பாஸாயிட்ட." சொல்லிட்டீங்கள்ல? சரி. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. கேட்டுட்டுத் தான் போகணும். வண்டிச் சாவிய ஆட்டாதீங்க, எனக்கு அது பயமாத் தெரியல.

மொதல்ல இந்தக் கதை எங்க ஆரம்பிச்சுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஊரணிக்கரையில ஆரம்பிக்கல. ஹைஸ்கூல் கிரவுண்டுல ஆரம்பிச்சுச்சு. உங்க அடைக்கலம் மாஸ்டர்கிட்ட. பட்டாளத்துல இருந்து வந்தவரு, போலீஸ் வேலைக்குப் புள்ளைகளத் தயார் பண்றாருன்னு சுத்துப்பட்டி அம்புட்டும் அவரு காலடியில போய் விழுந்துச்சு. நானும் விழுந்தேன். உங்க தங்கச்சியும் விழுந்தா. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல தான் சேந்தோம், அவ எனக்கு மூத்தவளா இருந்தாலும்.

சேந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஓடச் சொன்னாரா? தாண்டச் சொன்னாரா? இல்ல. போட்டோ புடிக்கச் சொன்னாரு. எங்க மூஞ்சிய வெட்டி எடுத்து, யாரோ ஒரு லேடி போலீஸ் ஒடம்புல ஒட்டி, தொப்பி வச்சு, பிரேம் போட்டுக் கையில குடுத்தாரு. "குறிக்கோள் படம்"னு அதுக்குப் பேரு. தெனம் எந்திரிச்சதும் அது மூஞ்சில தான் முழிக்கணுமாம். எனக்கு ஒட்டுன ஒடம்பு எனக்கு ரெண்டு பங்கு இருந்துச்சுண்ணே. எங்கம்மா பாத்துட்டு, "யாருடி இந்த அம்மா, ஒன் சாடையா இருக்கு"ன்னு கேட்டுச்சு.

எங்க வீட்டுல அத பீரோவுக்குப் பின்னாடி சொருகிட்டேன். உங்க வீட்டுல என்ன பண்ணீங்க? ஹால்ல மாட்டுனீங்க. சாமிப் படத்துக்குப் பக்கத்துல. உங்கம்மா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சந்தனம் குங்குமம் வேற வச்சுச்சு. உசுரோட இருக்கிற புள்ள படத்துக்கு எவளாவது பொட்டு வைப்பாளா? சொந்தக்காரவுக ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வந்து பாத்தாக. உங்க ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தரு, ஆடு மேஞ்ச தகராறுல கேசு இருக்குன்னு, "ஆத்தா, நீ ஸ்டேஷனுக்குப் போனதும் அத முடிச்சுக் குடுத்திரு"ன்னு பாண்டிமீனாகிட்ட சொல்லிட்டுப் போனாரா இல்லையா? சிரிக்காதீங்க டீக்கடையில, நெசமாத்தான் சொல்றேன். அவ அதுவரைக்கும் ஊரணிய ஒரு சுத்து சுத்துனவ கெடையாது. அதுக்குள்ள போலீஸாயிட்டா. வீடே ஆக்கிருச்சு. அப்பறம் எதுக்கு ஓடுவா? ஆன பெறகு எவளாவது ஓடுவாளா? அந்த வாரம் பூரா அவ கிரவுண்டுக்கே வரல. காலையில நல்லாத் தூங்குனா. தூங்கி எந்திரிச்சா செவத்துல போலீஸா நிக்கிறா. பெறகென்ன.

வந்த நாளுல மட்டும் என்ன? வரிசையா நிக்க வச்சு, நெஞ்சுல அடிச்சு, "நான் போலீஸ்! நான் போலீஸ்!"னு கத்தச் சொல்லுவாரு மாஸ்டர். பஸ்ஸுல போறவுக எல்லாம் எட்டிப் பாப்பாக. கத்துன கத்துல பாதிப் பேருக்கு மூச்சு வாங்கிரும். பெறகு விசில ஊதிட்டு பைக்குல சாஞ்சுக்கிட்டு போன் பேசுவாரு. எப்புடி ஓடணும், கையி எங்க வைக்கணும், மூச்ச எங்க விடணும், நேத்து வலிச்ச காலுக்கு இன்னைக்கு என்ன செய்யணும், ஒரு மண்ணும் சொல்லித்தர மாட்டாரு. ஒரு நாளு உங்க தங்கச்சிக்கு விலாவுல புடிச்சிருச்சு. அப்புடியே குனிஞ்சு நிக்கிறா, கண்ணுல தண்ணி. பக்கத்துல போய், "எலக்க, ஒன் குறிக்கோள மறந்துட்ட நீ! கண்ண மூடு! அந்தப் படத்தப் பாரு!"ங்குறாரு. படத்துல உள்ளவளுக்கு விலா வலிக்காதுண்ணே. அவ நல்லா சிரிச்சுக்கிட்டுத் தான் இருப்பா.

எனக்கு அன்னைக்குத் தான் கொதிச்சிருச்சு. கேட்டேன். எல்லார் முன்னாடியும் தான் கேட்டேன். "மாஸ்டர், என்னைக்கோ ஒரு நாளு என்ன ஆகணும்னு தெனம் சொல்றீங்க. நாளைக்குக் காலையில என்ன செய்யணும்னு ஒருக்கா சொல்லுங்க"ன்னேன்.

"நீ வாயாடி. போலீஸாகுறதுக்கு வாய் தேவையில்ல"ன்னாரு.

"வேற என்னாத்துக்கு மாஸ்டர் தேவ? போன் பேசுறதுக்கா?"ன்னேன்.

அவ்வளவு தான். "வெளிய போ"ன்னாரு, போயிட்டேன். திரும்பிப் பாத்தா எங்க கூட ஓடுற ஜெனிபர் வாறா. அவ பின்னாடி முத்துநாச்சி வாறா. அதுக்கும் பின்னாடி, விலாவப் புடிச்சுக்கிட்டே, உங்க தங்கச்சி வாறா. நான் கூப்பிட்டேனா? கையப் புடிச்சு இழுத்தேனா? "வசியம் பண்ணிட்டா"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாராம் மாஸ்டர். வசியம் பண்ணத் தெரிஞ்சா நான் எதுக்குண்ணே காலேஜ் பஸ்ஸுல படியில தொங்குறேன்?

சரி, ஊரணிக்கரைக்கு வருவோம். அதத் தான கேக்குறீங்க. "அங்க என்னத்தக் கிழிச்சீங்க"ன்னு. கிழிக்கல. கட்டுனோம். நாலே பழக்கம். அதுல மொதப் பழக்கம், கரையில எவளும் வேலையப் பத்திப் பேசக்கூடாது. கட்டாஃப், போஸ்டிங்கு, யூனிபார்ம், ஒண்ணும் பேசக்கூடாது. வாயில "போலீஸ்"னு வந்திருச்சுன்னா அன்னைக்கு அவ தான் பாதையில கெடக்குற கருவ முள்ளு பூராத்தையும் பொறுக்கணும். ஆரம்பத்துல கரை கண்ணாடியாட்டம் இருந்துச்சு, அம்புட்டு வாய். போகப் போக முள்ளு கெடக்க ஆரம்பிச்சிருச்சு, பெறகு மொறை வச்சுப் பொறுக்குனோம்.

அடுத்து, வாச்சு கெடையாது. "கழட்டி வீட்டுல வச்சிட்டு வாங்கடி"ன்னுட்டேன். ஜெனிபர் கேட்டா, "நேரம் தெரியாம எப்புடி வினோ ஓடுறது"ன்னு. "ஓடுறது காலு தான, வாச்சா?"ன்னேன். நேரத்தப் பாத்து ஓடுறவ நேரம் வரலைன்னா நின்னுருவா. ஓடுறதுக்காக ஓடுறவ நிக்க மாட்டா. இதுல என்ன தப்பு? சொல்லுங்க. எலக்கு ஒரு நாளைக்குத் தான்ணே சோறு போடும். பழக்கம் தான் தெனம் உலை வைக்கும்.

மூணாவது தான் உங்களுக்கு எரியிறது. ஒருத்தி வரலைன்னா எல்லாரும் அவ வீட்டு வாசல்ல போய் நிக்கணும். திட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது. நிக்கணும். அவ வெளிய வார வரைக்கும், இல்ல விடியிற வரைக்கும். முத்துநாச்சி வீட்டுல நின்னோம், அவுகப்பா சாணித் தண்ணிய எங்க மேல தெளிக்கிறாப்புல வாசல் தெளிச்சாரு. நின்னோம். எங்க வீட்டுலயும் வந்து நின்னாளுக, காய்ச்சல்னு நான் படுத்திருந்தப்ப. காய்ச்சல் தான்னு நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுத் தான் போனாளுக. அம்புட்டு நம்பிக்கை. அதுக்குப் பேரு ரவுடித்தனம்னா, ஆமா, நாங்க ரவுடி தான்.

உங்க தங்கச்சி அப்ப எப்புடி இருந்தா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. விலாப் புடிப்பு போச்சா இல்லையா? ராத்திரி தட்டுல சோத்த வச்சுட்டு அழுகுறது நின்னுச்சா இல்லையா? ஒரு நாளு மழை பேஞ்சு கரை பூரா சகதி. இன்னைக்கு வேணாம்டின்னு நானே சொல்லிட்டேன். அவ கேக்கல. "வினோ, ஓடலைன்னா பல்லு வெளக்காத மாதிரி இருக்குடி"ங்குறா. எந்தப் படத்தப் பாத்து வந்த வார்த்த அது? எந்த மாஸ்டர் சொல்லிக்குடுத்தது? எனக்கு அன்னைக்கு வந்த சந்தோசம், ஓட்டத்துல நான் பாஸுன்னு சொன்னப்பக் கூட வரல. சத்தியமா வரல.

எனக்கு எலக்கே கெடையாதுண்ணே. அத நல்லாத் தெரிஞ்சுக்கங்க. நாங்க நாலு பேரும் அந்த மாஸ்டர் கண்ணு முன்னாடி பாஸாகணும், அவரு வாயடைச்சு நிக்கணும், அத நான் பக்கத்துல நின்னு பாக்கணும். அவ்வளவு தான். அது எலக்கு இல்ல. அது ரோசம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

இப்ப நாலாவதுக்கு வாரேன். தெரியும், அதுக்குத் தான் காத்துக்கிட்டு நிக்கிறீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

ஊரணிக்கரை எம்புட்டு அகலம்? நீங்களும் அங்க தான குளிச்சு வளந்தீங்க. ரெண்டு பேரு சேந்து போக முடியுமா? ஒரு பக்கம் கருவ முள்ளு, ஒரு பக்கம் சறுக்கு, சறுக்குனா தண்ணி. ஓட ஆரம்பிச்ச மொத வாரத்துல ஒருத்திய ஒருத்தி முந்தப் போயி முத்துநாச்சி முள்ளுல விழுந்து, முழங்கையில இன்னமும் தழும்பு இருக்கு. அதுனால சொன்னேன்: வரிசையா ஓடணும். முன்னாடி இருக்கிறவளத் தாண்டணும்னா, பின்னாடி இருந்து "வாறேன்"னு குரல் குடுக்கணும். குரல் கேட்டதும் முன்னாடி உள்ளவ எடது பக்கம் ஒதுங்கி, மூச்ச விட்டு, நாலு எட்டு நடந்து, அப்பறம் கடைசியில போய்ச் சேந்துக்கணும். தாண்டுனா ஒதுங்கணும். அம்புட்டுதான். யாரும் விழ மாட்டாக, யாருக்கும் மூச்சு முட்டாது, யாருக்கும் தோத்த மாதிரியும் இருக்காது. ஒதுங்குறது தோக்குறது இல்லைல்ல, அது மொறை. எம்புட்டு அழகான ஏற்பாடு தெரியுமா அது? வந்து பாத்திருக்கணும் நீங்க. ஒரு சொல்லு, ஒரு எட்டு, காத்து மாதிரி மாறுவாளுக. யோசிக்கவே மாட்டாளுக. யோசிக்காமச் செய்யிற வரைக்கும் பழகணும்னேன். பழகுனாளுக.

அதுல உங்க தங்கச்சி தான் கெட்டிக்காரி. மத்தவளுக கொஞ்சம் மொணங்குவாளுக. அவ மொணங்க மாட்டா. "வா"ன்னு வாயில வரும்போதே ஒதுங்கிருவா.

சரிண்ணே. மதுரைக்குப் போனோம். எழுத்துத் தேர்வுல நாலு பேரும் பாஸு, ஓட்டத் தேர்வுக்குக் கூப்பிட்டாக. அந்தக் கிரவுண்டப் பாத்ததும் அசந்துட்டோம். எம்புட்டு அகலம்! முள்ளு இல்ல, தண்ணி இல்ல, வெள்ளக் கோடு போட்டு வழிச்சு விட்டிருக்காய்ங்க. ஜெனிபரும் முத்துநாச்சியும் மொதல்ல ஓடிட்டாளுக. ரெண்டு பேரும் பாஸு. அடுத்த கூட்டத்துல நானும் பாண்டிமீனாவும். எங்க நம்பரு பக்கம் பக்கம். மத்ததெல்லாம் எந்தெந்த ஊருப் புள்ளைகளோ.

விசில் ஊதுனாக. ஓடுனோம். மொதக் கோட்டத் தாண்டுற வரைக்கும் எல்லாரும் கலஞ்சு ஓடுறாளுக, இடிக்கிறாளுக, முழங்கையால தள்ளுறாளுக. பெறகு கூட்டம் பிரிஞ்சுச்சு. பாத்தா, எனக்கு முன்னாடி பாண்டிமீனா. ஊரணியில ஓடுற மாதிரியே ஓடுறா. தோள்பட்டை ஆடல, மூச்சு சீரா வருது. எனக்கு அவ முதுகப் பாத்ததும் ஒரு தைரியம். அவ பின்னாடியே போனேன். நேரா எங்க கரையில ஓடுற மாதிரி. நல்லா இருந்துச்சுண்ணே. அந்த வளைவு வரைக்கும் நல்லா இருந்துச்சு.

வளைவுல தான் கோட்டு ஓரத்துல நின்ன போலீஸ் அம்மா வாச்சப் பாத்துட்டு, "வெரசா வாங்கம்மா, நேரம் பத்தாது"ன்னு சொல்லுச்சு. நேரமா? எங்களுக்கு நேரம் தெரியாதே. நாங்க வாச்சே கட்டலையே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முடுக்கினேன். நான் முடுக்காம வேற என்ன செய்யணும்? அவ பின்னாடியே வாலு மாதிரி போயி ரெண்டு பேரும் சேந்து தோக்கணுமா? தாண்டுனேன். ஆமா, தாண்டுனேன். ஓட்டத் தேர்வுல தாண்டுறது கொலக்குத்தமா?

நான் தாண்டுனேன். அவ ஒதுங்குனா.

எடது பக்கம் ஒதுங்கி, நடந்தா. நாலே எட்டு. மூச்ச விட்டா. கடைசியில வாறவளுக்காகப் பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் தான் அவளுக்கே தெரிஞ்சிருக்கு எங்க நிக்கிறோம்னு. திரும்ப ஓடுனா. ஓடுன ஓட்டத்தப் பாக்கணும், சாமி வந்த மாதிரி ஓடுனா. கோட்டத் தொடுறப்ப நேரம் முடிஞ்சுச்சுன்னு கொடிய எறக்கிட்டாய்ங்க. அவளுக்கு ஒரு எட்டு முன்னாடி வந்தவ பாஸு. அவ இல்ல.

இது எனக்குத் தெரியாதுண்ணே, நான் தான் முன்னாடி ஓடிக்கிட்டு இருந்தேனே. முதுகுல கண்ணா இருக்கு? ஜெனிபர் சொல்லித் தான் தெரியும்.

என்ன? என்ன கேட்டீங்க? இன்னொருக்கா கேளுங்க, டீக்கடைக்கும் கேக்கட்டும். நான் "வாறேன்"னு குரல் குடுத்தேனான்னா?

யாரு சொன்னா? ஜெனிபரா? அவ அந்தக் கடைசியில தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னவ. பாண்டிமீனாவா? பாண்டிமீனா உங்ககிட்ட அப்புடிச் சொன்னாளா? அவ வாயால? இல்லைல்ல. அவ யாருகிட்டயும் ஒரு வார்த்தயும் பேசலைன்னு உங்கம்மாவே சொல்லுச்சு. பெறகு உங்களுக்கு எப்புடித் தெரியும்? மாஸ்டர் சொன்னாரா? அவரு கேலரியில இருந்தாராம்ல, சோளம் தின்னுக்கிட்டு. அங்க இருந்து அவருக்குக் காது கேட்டுச்சாக்கும்.

நான் ஒண்ணு கேக்குறேன். ஓடுறவ வாயில என்ன வருதுன்னு ஓடுறவளுக்குத் தெரியுமா? மூச்சு வந்திருக்கும். ஆத்தான்னு வந்திருக்கும். மாசக்கணக்கா ஒரு சொல்லச் சொல்லிச் சொல்லிப் பழகுன நாக்கு அது. சொல்லிருந்தா தான் என்ன? ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம், சொல்லிட்டேன்னு. "வாறேன்"னா வாறேன்னு தான அர்த்தம், "நில்லு"ன்னா அர்த்தம்? ஒதுங்கணும்னு எவ சொன்னா? சரி, நான் தான் சொன்னேன். கரையில சொன்னேன். கரை வேற, கிரவுண்டு வேற. அது ஒரு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். பழக்கம் அம்புட்டு ஊறிப்போச்சுன்னா அது பழக்கத்தோட பெருமையா, குத்தமா? நீங்களே சொல்லுங்க. அந்தப் பழக்கம் இல்லைன்னா அவ மதுரை வரைக்கும் வந்திருப்பாளா?

திரும்பி வாரப்ப பஸ்ஸுல அவ ஜெனிபர் பக்கத்துல உக்காந்தா. நான் போய்ப் பேசல. என்னத்தப் பேச? பாஸானவ எதச் சொன்னாலும் அது குத்தலாத் தான் கேக்கும். மறுநா காலையில கரைக்கு வருவா, பேசிக்கலாம்னு இருந்தேன். வரல. வரலைன்னா என்ன செய்யணும்? வாசல்ல நிக்கணும். நின்னோம். இதுல எனக்குன்னு தனியா எந்த ஏற்பாடும் இல்ல, எல்லாருக்கும் உள்ளது தான் அவளுக்கும். அவளுக்கு வயசு இன்னும் ஒருக்கா எழுத இருக்கு. ஒரே ஒருக்கா. அதுக்குள்ள காலு மறந்திரக் கூடாது. அதுக்குத் தான் நிக்கிறோம். நீங்க என்னடான்னா வெள்ளிக்கெழம திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கு அனுப்பப் போறேன்னு திரியிறீங்க. அங்க அவளுக்கு ஏதுண்ணே ஊரணி? ஷிப்ட்டு முடிச்சு வந்து எங்க ஓடுவா, மாடிப்படியிலயா?

தோத்து வந்த அன்னைக்கு நீங்க அவகிட்ட மொதல்ல என்ன கேட்டீங்க? "ஏன் நின்ன"ன்னா கேட்டீங்க? "இனிமே நான் எப்புடி வெளிய தலகாட்டுறது"ன்னு தான கேட்டீங்க? உங்க தல எங்க போச்சு? அது இருக்கிற எடத்துல தான இருக்கு. படத்தப் பாத்து வாழ்த்துன சொந்தக்காரன் எல்லாம் இப்ப துக்கம் விசாரிக்க வாறானாம். அந்த வெக்கத்துக்குத் தான் அவள ஊர விட்டே அனுப்புறீங்க. என் மேல பழியப் போட்டுட்டா உங்களுக்கு வசதி.

இன்னொண்ணு கேக்குறேன். கொஞ்சம் தலையத் தூக்கி மேல பாருங்க. நான் ஏன் இந்த வெயில்ல, நெழல விட்டுட்டு இங்கிட்டு வந்து நிக்கிறேன்னு நெனைக்கிறீங்க? அந்த பிளெக்ஸுக்குக் கீழ நிக்கக் கூசுது. பாருங்க. அம்புட்டுப் பெருசா அடைக்கலம் மாஸ்டரு, கையக் கட்டிக்கிட்டு. ஓரத்துல, தபால்தலை மாதிரி, நான். அதே ஒட்டுப் படம். "எங்கள் மையத்தின் மாணவி, வருங்காலக் காவலர் வினோதா." லிஸ்டே இன்னும் வரலைண்ணே! ஓடி முடிச்சிருக்கேன், அவ்வளவு தான். அதுக்குள்ள தொப்பிய மாட்டிட்டாரு. "வெளிய போ"ன்னு தொரத்துனவரு. அந்த வாயாடி இப்ப அவரு மாணவியாம்.

அதே ஆளு உங்ககிட்ட வந்து என்ன சொன்னாரு? "பாண்டிமீனா என்கிட்ட இருந்திருந்தா பாஸாயிருப்பா, ஊரணிக்குப் போயிக் கெட்டா"ன்னு சொல்லல? நீங்களும் தலைய ஆட்டிட்டு வந்துட்டீங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்கண்ணே. நாங்க ரெண்டு பேரும் ஒரே கரை, ஒரே பழக்கம், ஒரே மூச்சு. பாஸானா மாஸ்டர் மாணவி, பெயிலானா ஊரணி மாணவியா? எந்த ஊரு நியாயம் இது?

இருங்க இருங்க. அங்க பாருங்க. யாரு வாறது? பைக்க ஓரங்கட்டி டீ குடிக்க வாறவுக யாரு? வாங்க மாஸ்டர்! உங்களப் பத்தித் தான் பேசிக்கிட்டு இருக்கோம்! நல்ல ஆயுசு உங்களுக்கு. எங்க திரும்புறீங்க? வண்டிய எடுக்காதீங்க. பூக்காரக்கா, அந்தக் கூடைய அப்புடியே நடுவுல வையி, மாஸ்டர் போகட்டும் பாப்போம். ஹெல்மெட்டக் கழட்டுங்க மாஸ்டர், மூஞ்சி தெரியட்டும். பிளெக்ஸுல அம்புட்டுத் தெளிவா இருக்கீங்க.

ஒரே கேள்வி தான். நானும் பாண்டிமீனாவும் யாரு மாணவி? பிரிச்சுச் சொல்லக்கூடாது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பதில். உங்க மாணவின்னா, அவ ஒதுங்கி நின்னதுக்கும் நீங்க தான் ஜவாப்தாரி, அவ படத்தையும் என் படத்துக்குப் பக்கத்துல போடுங்க, இதே விலக்குல, இதே பெருசா. ஊரணி மாணவின்னா, இந்த பிளெக்ஸ இப்பவே உங்க கையால அவுத்துக் கீழ எறக்குங்க. பஸ்ஸு வந்தா வரட்டும், போனாப் போகட்டும், நான் இன்னைக்குக் காலேஜுக்குப் போகல.

என்னண்ணே, என் கையப் புடிச்சு இழுக்குறீங்க? ஆட்டோவுலயா? என்ன ஆட்டோவுல?

ஏ… பாண்டிமீனா.

நீ உள்ளயாடி இருக்க? இம்புட்டு நேரமும் அந்தப் படுதாவுக்குப் பின்னாடியா? பையெல்லாம் என்னடி இது? வெள்ளிக்கெழமைன்னாக. இன்னைக்கேவா? எதுக்குடி எறங்குற, வெயிலா இருக்கு, முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. நீ வந்ததும் நல்லதாப் போச்சு. நீயே கேளு மாஸ்டர. எல்லாரும் இருக்காக. நல்லா சத்தமாக் கேளு.

என்கிட்டயா? என்கிட்ட என்னடி கேக்கப் போற?

குரல் குடுத்தேனா இல்லையாங்கிறத அப்பறம் பேசிக்கலாம்டி. இல்ல, சொல்றேன், சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? நாளைக்குக் கரைக்கு வா, நீயும் நானும் மட்டும் பேசுவோம். இப்புடிப் பாக்காதடி. இங்க வச்சு இத்தன பேர் முன்னாடி கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அதான் அண்ணன்கிட்ட அம்புட்டும் சொல்லிட்டேனே, கேட்டுக்கிட்டுத் தான இருந்த. மறுபடியும் அதையே கேட்டா எப்புடி?

இல்ல, இரு. கேள்விய நான் தான் மொதல்ல கேட்டேன். அவரு தான் மொதல்ல சொல்லணும். எல்லாரும் சாட்சி, டீக்கடை சாட்சி, பூக்காரக்கா சாட்சி. அங்கிட்டு இங்கிட்டு பாக்காதீங்க மாஸ்டர். அந்தப் புள்ள வெயில்ல நிக்குது. சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. நீங்க பதில் சொல்ற வரைக்கும் இங்க எவளும் எதுக்கும் பதில் சொல்ல மாட்டா.